பிலோமினாவும் நீள வார்த்தைகளும்

அன்று காலை தி.நகரில் ஒரு ஓட்டலின் கருத்தரங்குக் கூடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்போனைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கூட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிலோமினாவின் மகள் ஷீபாவிடமிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, அம்மா செத்துட்டாங்க."

'தவறிட்டாங்க' என்றோ 'நம்மளை விட்டுப் போயிட்டாங்க' என்றோ அவள் வார்த்தை தேடவில்லை. பிலோமினா வளர்த்த பெண் அப்படித்தான் சொல்வாள். பக்கத்தில் இருந்த சக ஊழியரிடம் "நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். சாந்தோம் போகும் வரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவளை 'பிலோமினா மேடம்' என்றோ 'பிலோ' என்றோ தெரிந்திருக்கும். பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்கு அவள் 'மைக்கம்மா'. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவதுதான் எங்கள் தொழில். தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்வோம். மூளை சீக்கிரம் களைத்துவிடுகிற வேலை என்பதால் கூண்டுக்குள் எப்போதும் இருவர் இருப்போம். ஒருவர் பேச, மற்றவர் மூச்சு வாங்குவார். பல வருடங்கள் எனக்கு அந்த இன்னொருத்தி பிலோமினாதான். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

எங்கள் தொழில்காரர்களின் செய்தி மடலுக்கு ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். கேட்டவர் போனை வைக்கும் முன், "அந்தப் பட்டினப்பாக்கம் மேட்டரை மட்டும் விட்டுடுங்க மேடம், எதுக்கு இப்ப?" என்றார். அவர்களுக்கு எழுதவில்லை. இதை வேறு இடத்தில் எழுதுகிறேன். அந்தப் பட்டினப்பாக்கம் மேட்டரை விடாமல் எழுதப் போகிறேன்.

ஆனால் அதற்கு முன் அவளுக்கு நீள வார்த்தைகள் மேல் இருந்த காதலைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆங்கிலம் பிடிக்காதவள், படித்தவர்களைப் பிடிக்காதவள் என்றெல்லாம் அவளைப் பற்றிப் பின்னால் கிளம்பிய பேச்சு உண்மை என்று நினைத்துவிடுவீர்கள்.

அடையாறில் ஓர் அரங்கில்தான் நாங்கள் முதலில் சேர்ந்து வேலை செய்தோம். நான் தொழிலுக்குப் புதிது. பேச்சாளரின் கட்டுரையை முன்கூட்டியே தந்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் முழ நீளத்துக்கு வார்த்தைகள். நான் ஒரு வார்த்தையை மூன்று முறை எழுத்துக்கூட்டிப் பார்த்ததைக் கவனித்த பிலோ, "என்னடி, ஹிப்போபொடோமான்ஸ்ட்ரோசெஸ்குவிபெடாலியோஃபோபியாவா உனக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

"அப்படின்னா?"

"நீள வார்த்தையைக் கண்டா வர்ற பயம். அந்தப் பயத்துக்கு வச்ச பேரைப் பாத்தியா? பாம்புக்குப் பயப்படறவன் கழுத்துல பாம்பையே மாலையா போட்டிருக்கான், கொலைகாரப் பாவி!"

எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் போனது. மைக்கின் விளக்கு பச்சையானபோது நான் சிரித்துக்கொண்டேதான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் குடியிருந்த பழைய கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அத்தைகள் எல்லாம் டீச்சர்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டில் சோற்றோடு கலந்தே இருந்தது. மற்றவர்கள் பாட்டு முணுமுணுப்பது போல அவள் வார்த்தைகளை முணுமுணுப்பாள். லஸ் முனையில் ஒரு காபிக் கடையில் ஒருநாள், ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன் என்ற வார்த்தையை எனக்குப் பிரித்துக் காட்டினாள். ஒன்றை ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கித் தள்ளுவது என்று அதற்கு அர்த்தம்.

"உள்ள நாலு லத்தீன் சொல்லு இருக்கு ரமா. நாலுக்கும் 'அற்பம்'னுதான் அர்த்தம். ஒண்ணு கம்பளிப் பிசிறு, ஒண்ணு ஏதோ சல்லிக்காசு பெறாத சாமான், ஒண்ணு சூனியம். கடைசி 'பிலி' இருக்கு பாரு, அது மயிரு. லத்தீன்காரனும் நம்ம ஊர் ஆளாட்டம்தான் திட்டியிருக்கான்!"

அவள் குரல் கூண்டுக்குள்ளேயே பழகிய குரல், எங்கும் கணீரென்று கேட்கும். பக்கத்து மேஜையில் டிகாக்‌ஷன் வாசனை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாமா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிலோ அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "லத்தீன் சார்" என்றாள்.

"வார்த்தை நீளமா இருக்கறது ஒரு தப்பும் இல்லை. அதுக்குப் பின்னாடி ஒரு ஆளு ஒளிஞ்சுக்கிட்டா, அப்பதான் தப்பு" என்பாள். இதை அவள் சொல்லாத மாதம் இல்லை. எங்கிருந்து இது வந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று பிலோவுக்குப் பரீட்சை. அம்மா மட்டும் போய் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். 'ப்ராக்னோசிஸ் இஸ் கார்டட்' என்றிருக்கிறார் டாக்டர். அந்த வீட்டில் அதிகம் படிக்காதவர் அம்மா ஒருவர்தான். அவருக்குக் 'கார்டு', அதாவது காவல், என்பது மட்டும் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சந்தோஷமாகக் கஞ்சி காய்ச்சினார். "அப்பாவை கார்டு போட்டுப் பாத்துக்கறாங்களாம் பாப்பா. இனிமே பயமில்லை." சொல்லிவிட்டுத் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிழைப்பதைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிலோவுக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே அப்பா இறந்தார்.

"டாக்டர் பொய் சொல்லலை ரமா. அதுதான் கொடுமை. உண்மையைத்தான் சொன்னாரு. எங்கம்மா கைக்கு எட்டாத பரண்ல வச்சுட்டுப் போயிட்டாரு" என்றாள். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

இப்போது பட்டினப்பாக்கத்துக்கு வருகிறேன்.

கடற்கரையை அழகுபடுத்த ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். சாலையோரம் மீன் விற்பவர்களிடம் கருத்துக் கேட்பதற்காக ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் கூட்டம் நடத்தியது. எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சி எங்கள் இருவரையும் அனுப்பியது. இடம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்தின் செவ்வந்தி அலங்காரம் மேடையில் பாதி கலைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. கூண்டு கிடையாது. மேடை ஓரத்தில் ஒரு மேஜை, எங்கள் இருவருக்கும் ஒரே மைக். முன் வரிசைகளில் மீன்காரப் பெண்கள், வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நிறுவனத்தின் சார்பில் பேசியவர் சின்ன வயதுக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திரையில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் ஏதோ ஒரு தேசத்துக் கடற்கரை, சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரர்கள். 'ரேஷனலைசேஷன் ஆஃப் வெண்டிங் ஸ்பேசஸ்' என்றார். முதல் முறை என்னுடையது. "விற்பனை இடங்களை முறைப்படுத்துதல்" என்றேன். 'லைவ்லிஹுட் டைவர்சிஃபிகேஷன்' என்றார். "வாழ்வாதாரப் பன்முகப்படுத்தல்" என்றேன். எனக்கு அந்தச் சொல் வாயில் வந்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முன் வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "இன்னாடி சொல்லிக்கினு கீறாங்க?"

"தெர்லக்கா. ஏதோ நல்லதுதான் போல."

கேட்டவள் கன்னியம்மா. அந்தச் சாலையோரத்தில் பல காலமாக வஞ்சிரமும் சங்கராவும் விற்பவள். பிலோ அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டாள். மைக்கைக் கையால் பொத்தி என் பக்கம் குனிந்தாள்.

"அவரு இங்கிலீஷ்ல ஒரு பூட்டு போட்டாரு. நீ அதைக் கழட்டிட்டு அழகா தமிழ்ல ஒரு பூட்டு போட்டிருக்கே. வீட்டுக்குள்ள யாரும் இன்னும் போகலைடி."

என் முறை முடியவில்லை. ஆனாலும் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன்.

கடைசியில் அந்த இளைஞர், சமூகத்தின் 'இன்-ப்ரின்சிபிள் கன்கரன்ஸ்' பதிவு செய்யப்பட வேண்டும், எல்லோரும் கை தூக்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தன் கையையும் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்ததுமே பின் வரிசையில் சில கைகள் உயர்ந்தன. பார்த்துவிட்டு முன் வரிசையிலும் உயர ஆரம்பித்தன. பிலோ மொழிபெயர்க்கவில்லை. மேடையைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள்.

"மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விளக்கம் வேண்டும். கன்கரன்ஸ் என்றால், இவர்கள் இப்போது மீன் விற்கும் இடத்தை விட்டுப் போகச் சம்மதிக்கிறார்கள் என்று அர்த்தமா?"

புரியாத இடத்தில் விளக்கம் கேட்பது எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்டதுதான். அவர் பதில் சொன்னார். இது கட்டுப்படுத்தாத, நடைமுறை சார்ந்த ஓர் ஒப்புகை மட்டுமே என்று தொடங்கி, ஸ்டேக்ஹோல்டர் எங்கேஜ்மென்ட், ஸ்பேஷியல் ரீஅலைன்மென்ட், ஃபேஸ்டு ட்ரான்சிஷன் என்று போய்க்கொண்டே இருந்தார். கூட்டத்தில் தூக்கிய கைகள் தூக்கியபடி வலிக்க ஆரம்பித்திருக்கும். பிலோ பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தியதும், "நன்றி. அது எஸ்ஸா, நோவா?" என்றாள்.

அவர் கீழே உட்கார்ந்திருந்த தன் மேலதிகாரியைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். "வெல்... அல்டிமேட்லி... எஸ்."

பிலோ கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க கை தூக்கினா, இப்ப மீன் விக்கிற எடத்தை விட்டுப் போக ஒத்துக்கிட்டதா அர்த்தமான்னு கேட்டேன். ஆமாங்கிறார்."

கைகள் இறங்கின. அத்தனை கைகள் ஒன்றாக இறங்கும்போது வளையல்கள் எழுப்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"ஏன் நைனா, அப்ப இவ்ளோ நேரம் இன்னாத்த சொல்லிக்கினு இருந்த? ஒரு வார்த்தைல முடிய வேண்டிய சமாச்சாரத்தை?"

மண்டபம் சிரித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. பிலோவைப் பார்த்து, "நாங்க போவ மாட்டோம். அதை அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றாள்.

"வீ வில் நாட் கோ" என்றாள் பிலோ.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான். நீங்க சொன்னதும் அவ்ளோதானே."

வெளியே வந்ததும் நான் அவளோடு சண்டை போட்டேன். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. நாம் குரல் மட்டும்தான், கட்சி கிடையாது என்பது நான் இன்றும் நம்பும் விஷயம். "நீ கட்சி சேர்ந்துட்டேடி" என்றேன்.

"நான் எங்க சேர்ந்தேன்? கேள்வி கேட்டேன். அவரு பதில் சொன்னாரு. பதிலைச் சொன்னேன். எதைக் கூட்டினேன் சொல்லு."

"உன் குரல்ல ஒரு தொனி இருந்தது."

"'எஸ்'னு சொல்றப்ப அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், பாத்தியா? அதையும் மொழிபெயர்த்திருக்கணும். பாவம்னு விட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த வாரம் தி.நகரில் ஏஜென்சி முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. தேவையில்லாமல் மொழிபெயர்ப்பாளரின் எல்லையை மீறியதாகப் புகார்; 'அன்வாரண்டட் இன்டர்ப்ரெடேட்டிவ் ஓவர்ரீச்' என்று பிலோவின் குற்றத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதைப் படித்ததும் அவள் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. நல்ல மீனைக் கண்ட மாதிரி.

"ஒரே ஒரு வரி சாரின்னு போட்டுடுங்க மேடம். பெரிய க்ளையண்ட்" என்றார் முதலாளி.

"சாரி இல்லை. உங்க மெயிலை நான் ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன் பண்ணிட்டேன்னு எழுதிடுங்க."

முதலாளி பேனாவை எடுத்துக்கொண்டு, "ஸ்பெல்லிங் மேடம்?" என்று பயபக்தியோடு கேட்டார். பிலோ ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் உண்மையாகவே எழுதிக்கொண்டார். படியிறங்கும் வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை நாங்கள் பாண்டி பஜார் நடைபாதையில் கொட்டினோம். ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "இனி கூப்பிட மாட்டாங்க, இல்லை?" என்றாள்.

கூப்பிடவில்லை. அந்த ஏஜென்சி மட்டுமல்ல, மற்றவர்களும் கூப்பிடவில்லை. 'அவங்க கொஞ்சம் ஆக்டிவிஸ்ட் டைப்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கணவர் இறந்துபோய், ஷீபா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. சிந்தாதிரிப்பேட்டையில் தொழிலாளர் கூட்டங்கள், சர்ச் மாநாடுகள், யாரோ ஒருவரின் விசா நேர்முகத்துக்குத் தயார் செய்வது என்று கிடைத்ததைச் செய்தாள். நான் மட்டும் ஓட்டல்களில் புதிது புதிதாக யார் யாருடனோ கூண்டைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்காமல், "ஒரு சாரி சொல்லியிருந்தா என்னடி?" என்று கேட்டேன்.

"சாரின்னா வருத்தப்படறேன்னு அர்த்தம். நான் வருத்தப்படலை. நீயே என்னைத் தப்பா மொழிபெயர்க்கச் சொல்றியா?"



சில மாதம் கழித்து அதே நிறுவனம் அதே மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் கூட்டியது. வேறு ஒரு மொழிபெயர்ப்பாளர் போயிருந்தார். மீன்காரப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எது கேட்டாலும் மௌனம். கடைசியில் கன்னியம்மா மட்டும் எழுந்து, "அந்த மைக்கம்மா வரட்டும். அவுங்க சொன்னாத்தான் கேப்போம். இல்லாங்காட்டி இப்டியே குந்திக்கினு இருக்கோம், எங்களுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம். கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஏஜென்சி முதலாளி எனக்கு போன் செய்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க மேடம்." நான் சாந்தோமுக்குப் போனேன். பிலோ வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு நிமிரவேயில்லை.

"வரேன். ஆனா பேசறதுக்கு முன்னாடி அந்தப் பையன் என்கூட உக்காரணும். அவர் பேச்சுல இருக்கற ஒவ்வொரு நீள வார்த்தைக்கும் அர்த்தம் என்னன்னு அவரே எனக்குத் தமிழ்ல சொல்லணும். அர்த்தம் சொல்ல முடியாத வார்த்தையை மேடையில பேசக் கூடாது. சம்மதம்னா வண்டி அனுப்பச் சொல்லு."

வண்டி வந்தது. மண்டபத்தின் பின்னால், பந்தி நடக்கும் அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நானும் இருந்தேன். அந்த இளைஞர் நல்ல தமிழ் பேசும் கோயம்புத்தூர்ப் பையன் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும்போதே தயங்கினார். "ரேஷனலைசேஷன்னா... இடத்தைக் குறைக்கறதுங்க." அடுத்தது. "ட்ரான்சிஷன்னா... உள்ளே தள்ளி ஒரு கட்டடத்துல வைக்கலாம்னு." சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. "உள்ளேன்னா எவ்வளவு உள்ளே?" என்று பிலோ கேட்டாள். சொன்னார். "அங்கே நின்னா கடல் தெரியுமா?" அவர் இல்லை என்று தலையாட்டினார். பிலோ தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்று அவர் மேடையேறித் தமிழிலேயே பேசினார். கூட்டம் கொந்தளித்தது. கன்னியம்மா அவரை ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் முதல் முறையாக இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போட்டன. மொழிபெயர்க்க எங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதற்குப் பின் எத்தனையோ கூட்டங்கள், மனுக்கள், இழுபறிகள். எல்லாம் வென்றுவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பைவிட இடம் குறுகித்தான் போனது. ஆனால் அந்தப் பெண்கள் உள்ளே தள்ளப்படவில்லை. இன்றைக்குப் போனாலும் கடலைப் பார்த்தபடி நின்று கன்னியம்மாவிடம் மீன் வாங்கலாம். பேரம் பேசினால் திட்டுவாள்.

பிலோவுக்குப் பெரிய கூட்டங்கள் கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நியாயம் ஜெயித்து அவளுக்கு மாலை விழுந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். விழவில்லை. அதைப் பற்றி அவள் புலம்பியும் நான் கேட்டதில்லை.

போன வருடம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. முதல் மருந்து கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. டாக்டரைப் பார்க்க ஷீபாவோடு நானும் போயிருந்தேன். இனி 'சால்வேஜ் தெரபி' ஒன்று இருக்கிறது என்றார் டாக்டர். பிலோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சால்வேஜ்னா முழுகிப்போன கப்பல்லேர்ந்து சரக்கை மீட்கறது டாக்டர். நான் கடற்கரைக்காரி, எனக்குத் தெரியும். நான் இன்னும் முழுகலை."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார். "அதைப் பண்ணினா பிழைப்பேனா?" என்று பிலோ கேட்டாள். அவர் 'மீடியன் சர்வைவல்' என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "எனக்கு அது புரியும். என் பொண்ணுக்குச் சொல்லுங்க. தமிழ்ல."

டாக்டர் ஃபைலை மூடி வைத்தார். ஷீபாவின் பக்கம் திரும்பினார். "அம்மா பிழைக்க மாட்டாங்கம்மா. இதைப் பண்ணினா கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம். அந்த நாளெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும்."

"அப்ப வேணாம். வீட்டுக்குப் போறேன். சொன்னதுக்கு நன்றி டாக்டர்" என்று எழுந்துவிட்டாள் பிலோ.

வெளியே பெஞ்சில் ஷீபா குலுங்கி அழுதாள். பிலோ அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு. நல்லா அழு. ஆனா இன்னதுதான்னு தெரிஞ்சு அழறே பாரு. உங்க பாட்டிக்கு அதுகூடக் கிடைக்கலை." நான் அந்தப் பக்கம் திரும்பி மருந்துக் கடை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அவளுக்குச் சில மாதங்கள் கிடைத்தன. சாப்பிட முடியாதபோதும் கன்னியம்மா கொண்டுவரும் மீனை முகர்ந்து பார்த்து, "இது நேத்து மீனு" என்று சண்டை பிடிப்பாள். நான் போனால் புதிதாக ஒரு நீள வார்த்தை கொண்டுபோக வேண்டும். அதுதான் அவளுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும். தெரிந்த வார்த்தையாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடக்கத்தன்று சர்ச்சில் பூசை முடிந்ததும், பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். உறவினர்கள் பேசினார்கள். அவளுடைய தியாகம், சேவை, மீனவ மக்களுக்குச் செய்த உதவி என்று நல்ல வார்த்தைகளாகவே சொன்னார்கள். கடைசி வரிசையில் நின்ற கன்னியம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நேரே முன்னால் வந்துவிட்டாள். மைக்கை வாங்கவில்லை. அவளுக்குத் தேவையும் இல்லை.

"இந்தம்மா எங்களுக்கு ஒதவியெல்லாம் ஒண்ணும் பண்ல. சும்மா சொல்லாதீங்க. அவுங்க பேசுனதை எங்களுக்குச் சொன்னாங்க. நாங்க பேசுனதை அவுங்களுக்குச் சொன்னாங்க. அவ்ளோதான். அதைப் பண்ண அத்தனை வருசமா ஒருத்தன் வரல."

சொல்லிவிட்டுப் பெட்டியில் கிடந்த பிலோவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இத்தனை நாளாக யோசித்தேன். அவளுடைய சொல்வளம் எனக்கு வராது. அவளுடைய துணிச்சலும் வராது. எனக்கு இப்போதும் ஓட்டல் கூண்டு வேண்டும், மாதா மாதம் வேலை வேண்டும். அவள் வாழ்க்கை முழுக்க வெட்கப்படாமல் செய்ததில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புரியாதபோது 'புரியலை' என்று எல்லார் முன்னாலும் சொல்வது. ஆங்கிலம் தெரியாதவர்களைவிட, தெரியும் என்று பெயர் வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது கஷ்டம்.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பில்டரின் வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். 'ஃபோர்ஸ் மஜூர்' என்றார், 'இன்டெம்னிஃபை' என்றார், 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்றார். ரிட்டயரான பேங்க் மேனேஜர், காலேஜ் புரொஃபசர், ஆடிட்டர் என்று எல்லோரும் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எனக்குப் புரியலை."

முதல் மாடி மாமா, "என்னம்மா ரமா, ஆத்துல போய் நிதானமாப் படிச்சுக்கலாமே. இங்கிலீஷ்தானே உனக்குப் பொழைப்பு?" என்றார். சிலர் சிரித்தார்கள். வக்கீல் வேறு வார்த்தைகள் போட்டு, இன்னும் நீளமாகச் சொன்னார்.

"இப்பவும் புரியலை சார். நாங்க வீட்டைக் காலி பண்ணின அப்புறம் நீங்க கட்டாம விட்டா என்ன ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

 கொடியில் காய்ந்த வேட்டி ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு முதல் மாடி மாமாவே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாஸ்தவத்துல... எனக்கும் அது புரியலைதான்."

ஆடிட்டரும் புரியவில்லை என்றார். புரொஃபசரின் மனைவி, "எனக்கு மொதல் பக்கத்துலேர்ந்தே புரியலை" என்றாள். வக்கீல் காகிதங்களைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்து, பேனாவால் தலையைச் சொறிந்தபடி ஒவ்வொரு வரியாகச் சொல்லத் தொடங்கினார். பொழுது சாயும் வரை உட்கார்ந்து கேட்டோம். அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.